பரோட்டா வைத்தியம்

ஆடு மில்லர்புரத்தில் தன் வீடு வரைக்கும் வந்துவிடும் என்று செல்வதுரை எதிர்பார்க்கவில்லை.

உப்பளத்து ரோட்டிலிருந்தே அது பின்னால் வந்துகொண்டிருந்தது. இரண்டு தடவை "சூ" என்று விரட்டினார். ஒரு தடவை குடையை ஓங்கினார். ஒவ்வொரு தடவையும் ஆடு நின்று, அவர் கையிலிருந்த டிபன் காரியரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர் நடந்ததும் தானும் நடந்தது. தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது ஒன்று மூன்றாகியிருந்தது.

வீட்டு வாசலில் அவருடைய மனைவி ஜெயசெல்வி செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன அத்தான், ஆடு பிடிச்சிட்டு வாரிய?"

"நானா? ரோட்டில போற ஆடுல்லா அது."

"ரோட்டில போற ஆடு நம்ம வீட்டுக்குள்ள வருதே."

அதற்குள் முதல் ஆடு காரியரின் அடித்தட்டில் மூக்கை வைத்துவிட்டது. செல்வதுரை காரியரைத் தலைக்கு மேலே தூக்கினார். ஆடு முன்னங்கால்களை அவர் வேட்டியின் மேல் வைத்து நிமிர்ந்து நின்றது. வெகுநாள் பழக்கம் உள்ளவர்கள்தான் ஒருவர் மேல் ஒருவர் அப்படிக் கால் வைக்க முடியும்.

"கம்பு வாசத்துக்கு வந்திருக்கும்" என்றார் செல்வதுரை.

ஜெயசெல்வி உள்ளே போய், மிஞ்சியிருந்த கம்மங்களியில் ஓர் உருண்டை எடுத்து வந்தாள். ஆடு அதை அவள் கையிலிருந்தே வாங்கித் தின்றது. தின்றுவிட்டுச் செல்வதுரையைப் பார்த்து நன்றியோடு கத்தியது.

"நிதமும் தின்னு பழகின ஆடு மாதிரில்லா திங்குது" என்றாள் ஜெயசெல்வி.

"நீ செஞ்சா அப்படி ருசி. ஆடுன்னா என்ன, ஆளுன்னா என்ன!"

சொன்ன பிறகுதான் அது தவறு என்று அவருக்கு உறைத்தது. மறுநாள் காரியரில் இரண்டு உருண்டை கூடுதலாக இருந்தது.

செல்வதுரைக்கு வயது நாற்பத்தெட்டு. பீச் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. புது ஹார்பர் திறந்து வேலை இரட்டிப்பாகிவிட்டிருந்த அந்த வருஷம், அவருக்கு அடிக்கடி தாகம் எடுத்தது. மதியம் மூன்று மணிக்குக் கோப்பின் மேலேயே கண் சொருகியது. ஜெயசெல்வியைக் கூட்டிக்கொண்டு டாக்டர் தேவபிரசாதத்திடம் போனார்.

டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவத்தை விட்டு, அதில் செல்வதுரை கொடுத்த சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, விளக்கில் காட்டினார்.

"நீலமாவே இருந்தா நல்லது. பச்சைன்னா பரவாயில்ல. மஞ்சள்னா யோசிக்கணும். ஆரஞ்சுன்னா பயப்படணும்" என்றார்.

குழாய் பச்சையில் நிற்கவில்லை. மஞ்சளில் நிற்கவில்லை. ஆரஞ்சிலும் நிற்காமல் நல்ல செங்கல் நிறத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

"வீடே கட்டலாம்" என்றார் டாக்டர்.

பிறகு சிரிக்காமல் சொன்னார். "ஆறு மாசம் டயம் தாரேன். தீட்டின வெள்ளை அரிசி, மைதா, சீனி, இந்த மூணும் வீட்டுப்படி ஏறக்கூடாது. தவிட்டோட உள்ள அரிசி, கம்பு, கேப்பை, சலிக்காத கோதுமை. கடவுள் எதை எப்படிப் படைச்சாரோ அதை அப்படியே சாப்பிடுங்க. அளவாச் சாப்பிடுங்க. நடங்க. இல்லைன்னா நிதமும் ஊசிதான்."

திரும்பி வரும் வழியில் ஜெயசெல்வி அவர் கால்களையே பார்த்துக்கொண்டு நடந்தாள். அவள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். சாத்தான்குளத்தில் அவள் அப்பாவுக்கு இதே சர்க்கரை வியாதி வந்து, ஒரு காலை எடுத்தார்கள். பதினைந்து வயதில் அந்தப் புண்ணுக்குத் தினமும் கட்டுப் போட்டவள் அவள்தான்.

மறுநாள் காலையில் அடுப்படி மாறிவிட்டது. வெள்ளை அரிசி போன இடம் தெரியவில்லை. சீனி டப்பாவில் வெந்தயம் இருந்தது. இட்லி பழுப்பாக இருந்தது. அவள் தனக்கென்று தனியாக எதுவும் செய்துகொள்ளவில்லை.

"நீ ஏன் இதைத் திங்க? உனக்கென்ன வியாதியா?" என்று கேட்டார் செல்வதுரை.

"உங்களைக் களி திங்கச் சொல்லிட்டு நான் சோறு திம்பனா? நல்லாக் கேட்டிய. ரெண்டு பேரும் ஒண்ணாத் திம்போம், ஒண்ணா இருப்போம்."

அதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன சொல்ல முடியும்? "நல்லா இருக்கு" என்று சொன்னார். பதினொரு நாள் சொன்னார். பன்னிரண்டாம் நாள், ஆபீஸ் வேலையாக, மூட்டைகளை அடுக்கி வைக்கும் உப்புக் கிட்டங்கிப் பக்கம் போனபோது காற்று திசைமாறி அடித்தது.

அது நல்லக்கண்ணு கடைக் காற்று. லாரிக்காரர்களுக்காக மத்தியானமே கல் காயும் பரோட்டாக் கடை. எண்ணெயில் பொரிந்த பரோட்டாவைக் கையால் நொறுக்கிச் சால்னாவை மேலே ஊற்றினால், அந்த வாசம் அரை மைல் தூரம் போகும். செல்வதுரை கடைக்குள் போனது அவருக்குத் தெரியாது. ஆறாவது பரோட்டாவின்போதுதான் தான் உட்கார்ந்திருப்பதையே கவனித்தார்.

காரியரில் இருந்த களியைத் தூர எறிய மனம் வரவில்லை. அவள் ஐந்து மணிக்கு எழுந்து கிண்டியது. உப்பளத்து ஓரம் மேய்ந்த ஆடுகளுக்குப் போட்டார். அதிலிருந்து தினமும் மத்தியானம் அவருக்குப் பரோட்டா, ஆடுகளுக்குக் களி என்று ஒரு முறை ஏற்பட்டுவிட்டது. யாராவது பார்த்துவிடுவார்கள் என்று ஆபீஸ் சைக்கிளை எடுக்காமல், ஒன்றரை மைலும் வேகாத வெயிலில் நடந்தே போய் நடந்தே வந்தார்.

முதல் மாதப் பரிசோதனையில் குழாய் மறுபடியும் செங்கல். ஜெயசெல்வி டாக்டர் முன்னாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எம்மேலதான் தப்பு டாக்டர். நான்தான் எங்கேயோ பக்குவம் தெரியாமச் செய்யுதேன். இவுக பாவம், ஒரு வாய் குறை சொல்லாமச் சாப்பிடுதாவ."

செல்வதுரைக்குப் பூமி பிளந்தால் தேவலை போலிருந்தது. இனிமேல் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று ஆண்டவரிடம் வாக்குக் கொடுத்தார். ஆண்டவர் காற்றை நிறுத்தவில்லை. இரண்டாவது நாள் மத்தியானம் அவர் மறுபடியும் நல்லக்கண்ணு கடையில் இருந்தார். மூன்றாவது நாள்தான் ஆடுகள் வீடு வரைக்கும் வந்தன.

ஆடுகளை இனி நம்ப முடியாது. செல்வதுரை ஆபீஸ் பியூன் காசிலிங்கத்தைக் கூப்பிட்டார். ஐம்பது வயது, ஈர்க்குச்சி உடம்பு, வாயில்லாப் பூச்சி.

"காசிலிங்கம், நீ மத்தியானம் என்ன சாப்பிடுத?"

"ஒரு டீ, ரெண்டு வடை, சார்."

"உடம்பு என்னத்துக்கு ஆகும்? இந்தா, வீட்டுச் சாப்பாடு. வெளியில மூச்சு விடக்கூடாது."

காசிலிங்கம் மூச்சு விடவில்லை. ஆனால் ஒரே மாதத்தில் அவன் கன்னம் மினுமினுத்தது. மாடிப்படியில் கோப்புக் கட்டை இரண்டிரண்டு படியாகத் தாவிக் கொண்டுபோனான். அவனுக்குப் பத்து வருஷமாக இருந்த மலச்சிக்கல் போய்விட்டது. அதைச் செல்வதுரையிடம் தினமும் காலையில் விவரமாகத் தெரிவித்தான். நன்றி அவன் நெஞ்சில் பொங்கிப் பொங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டு வந்து உட்கார்ந்த நேரத்தில், முருங்கைக்கீரைக் கட்டோடு வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அம்மா, நீங்க மகராசியா இருக்கணும். அந்தக் கம்பு இருக்கே..."

செல்வதுரை நாற்காலியிலிருந்து பாய்ந்தார்.

"அந்தக் கம்பு எப்படிச் செய்யணும்னு கேட்டு வந்திருக்கான்! தெனமும் நான் சாப்பிடும்போது பாத்துக்கிட்டே நிப்பான். ஆசை, பாவம். காசிலிங்கம், அப்படித்தானே?"

காசிலிங்கம் செல்வதுரையின் முகத்தைப் பார்த்தான். "பாத்துக்கிட்டே நிப்பேம்மா" என்றான்.

"ஏன் அத்தான், ஒரு மனுஷன் பாத்துக்கிட்டு நிக்க நீங்க மட்டும் எப்படிச் சாப்பிடுதிய? கேட்டா இன்னொரு காரியர் குடுத்திருக்க மாட்டனா?"

திங்கட்கிழமையிலிருந்து இரண்டு காரியர். காசிலிங்கம் தன்னுடையதைச் சாப்பிட்டு ஏப்பம் விட்டான். செல்வதுரையின் காரியர் மூடி திறக்காமல் அப்படியே இருந்தது.

"வயித்தில இடமில்ல, சார். வேணும்னா வீட்டுக்குக் கொண்டுபோறேன். எம் பொண்டாட்டியும் மலச்சிக்கல்காரிதான்."

ஆக, செல்வதுரையின் நோய்க்காக ஜெயசெல்வி செய்த பத்தியத்தில் காசிலிங்கத்தின் குடும்பம் செழித்தது.

இடையில் இன்னொரு ஆபத்து வந்தது. ஒருநாள் நல்லக்கண்ணு கடையில் வாயில் பரோட்டாவோடு நிமிர்ந்தபோது, ஜெயசெல்வியின் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் சைக்கிளில் போனார். பார்த்தாரா, பார்க்கவில்லையா என்று தெரியவில்லை. செல்வதுரைக்கு இரண்டு நாள் விக்கல் நிற்கவில்லை.

"நல்லக்கண்ணு, எனக்கு உள்பக்கமா ஒரு இடம் போடக்கூடாதா?"

"அண்ணாச்சி என்ன கள்ளக்கடத்தலா பண்ணுதிய? பரோட்டாதானே திங்கிய" என்று முதலில் சிரித்த நல்லக்கண்ணு, அடுத்த வாரம் தானாகவே கடையின் பின்னால் ஒரு சாக்குப்படுதா கட்டி, ஸ்டூல் போட்டு வைத்திருந்தான். "இனிமே இங்கன உக்காருங்க. உங்களுக்குன்னு உருண்டை தனியா உருட்டி வச்சிருக்கேன். எம் பொண்டாட்டி சண்முகத்தாய் கையாலே பிசைஞ்சது."

கடையில் இத்தனை மரியாதை தனக்குக் கிடைக்கும் என்று செல்வதுரை நினைத்ததில்லை. படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்தால் வெளியே யார் இருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று எதுவும் தெரியாது. அவரையும் யாருக்கும் தெரியாது. பரோட்டாவும் முன்னைக்கு இப்போது ருசி கூடியிருந்தது.

"நல்லாச் செவந்து வருதே?"

"கல்லு பழகிட்டு அண்ணாச்சி" என்றான் நல்லக்கண்ணு.

முன்பு ஆறு தின்றும் போதாமல் இருந்தது. இப்போது மூன்றிலேயே வயிறு நிறைந்தது. குற்ற உணர்ச்சி வயிற்றில் பாதியை அடைத்துக்கொள்வதால்தான் அப்படி என்று அவர் நினைத்தார். சாயங்காலம் வரை பசிப்பதில்லை. மூன்று மணித் தூக்கம் எங்கோ போயிற்று. ஹார்பர் கோப்புகளை நாலு மணிக்கே முடித்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார்ந்திருப்பது இத்தனை சுகம் என்று அதற்கு முன்னால் அவருக்குத் தெரியாது. இரவு வீட்டில் ஒரு கரண்டிக் கூழோடு எழுந்துவிடுவார்.

"போதுமா அத்தான்?" என்பாள் ஜெயசெல்வி.

"மனசு நெறஞ்சிருக்கு செல்வி."

அது மட்டும் பொய்யில்லை.

இரண்டாம் மாதம் குழாய் ஆரஞ்சில் நின்றது. மூன்றாம் மாதம் மஞ்சள். நாலாம் மாதம் பச்சை. செல்வதுரை குழம்பிப்போனார். பதினொரு நாள் களி தின்றபோது செங்கல். தினம் மூன்று பரோட்டா வீதம் தின்றால் பச்சை! ஐந்தாம் மாதம், டாக்டர் குழாயை விளக்கில் காட்டியபோது நீலம் நீலமாகவே இருந்தது. முத்துக்குளித்துறைக் கடல் மாதிரி நீலம்.

டாக்டர் எழுந்து செல்வதுரையின் கையைக் குலுக்கினார். வெளியே வரிசையில் காத்திருந்தவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "பாருங்க, இவரு மனுஷன்! ஊசியில்ல, மாத்திரையில்ல. வாயைக் கட்டினாரு, ஜெயிச்சாரு!"

வாயைக் கட்டியவர் தலையைக் குனிந்துகொண்டார். எவ்வளவு அடக்கம் என்று எல்லாரும் வியந்தார்கள்.

அந்த வரிசையில் எஸ்றாவும் இருந்தார்.

எஸ்றா, செல்வதுரையின் ஆபீசிலேயே ஸ்டோர் கீப்பர். நாசரேத் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்து சிநேகிதர். அவருக்கும் செங்கல். மறுநாளே செல்வதுரையின் மேஜைக்கு வந்துவிட்டார்.

"ஏலே, என்ன சாப்பிட்ட? மறைக்காமச் சொல்லு."

"கம்பு. கேப்பை. டாக்டர் சொன்னதுதான்."

"அதைத்தான் ஒரு மாசமா எம் பொண்டாட்டி ஞானதீபம் கிண்டிப் போடுதா. தொண்டையில இறங்க மாட்டேங்கு. பாதியை நாய்க்குப் போடுதேன். அதுவும் இப்ப என்னைக் கண்டா ஓடுது."

"பழகணும்லே."

"நீ எப்படிப் பழகின? உன்னை எனக்குத் தெரியாதா? போர்டிங்ல எம் பங்கு பூரியையும் பிடுங்கித் தின்னவன் நீ." எஸ்றாவின் குரல் தாழ்ந்தது. "எனக்குக் கால் மரத்துப்போகுதுலே. ராத்திரி செருப்பு கழண்டது தெரியாம வீடு வரைக்கும் நடந்து வந்திருக்கேன். ரெண்டாவது பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகல. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுதேன். ஆண்டவர் சாட்சியா உண்மையைச் சொல்லு."

செல்வதுரை தவித்தார். கம்பு என்று சொன்னால் பொய். அதைத் தின்று குணமானவன் காசிலிங்கம். அவனுக்கு இந்த வியாதியே இல்லை. உண்மையைச் சொன்னால் மானம் போகும். ஆனால் சிநேகிதனின் காலைவிடவா மானம் பெரிது? சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எஸ்றாவின் காதருகே குனிந்தார்.

"பரோட்டா."

எஸ்றா அசையவில்லை. "எத்தனை?"

"மூணு."

"சால்னா?"

"ஊத்தித்தான்."

எஸ்றாவின் கண்ணில் நீர் துளிர்த்தது. "அஞ்சு மாசமாவா?"

"அஞ்சு மாசமா. ஞாயிற்றுக்கிழமை தவிர."

"எந்தக் கடையில?"

செல்வதுரை யோசித்தார். எஸ்றாவுக்குச் சத்தமில்லாமல் பேசவே வராது. அவரும் படுதாவுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தால் ஒரே நாளில் தூத்துக்குடி முழுக்கத் தெரிந்துவிடும்.

"கடையில என்னலே இருக்கு? பரோட்டான்னா பரோட்டாதான். உங்க வீட்டுப் பக்கத்திலேயே ஒரு கடை இருக்குல்லா."

எஸ்றா அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். ஓர் உயிரைக் காப்பாற்றிய திருப்தியோடு செல்வதுரை அன்று மூன்று பரோட்டாவோடு இன்னும் பாதி சாப்பிட்டார்.

சரியாகப் பதினேழாம் நாள், ஸ்டோர் ரூமில் கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே எஸ்றா மயங்கி விழுந்தார்.

காசிலிங்கம்தான் அவரை ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு வந்து காரில் போட்டான். கம்பு பலம். ஆஸ்பத்திரியில் டாக்டர் தேவபிரசாதம் குழாயை விளக்கில் காட்டிவிட்டுச் செல்வதுரையிடம் திரும்பினார்.

"செங்கல் இல்ல சார் இது. செங்கல் சூளை."

மூன்று நாள் ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் எஸ்றா எழுந்து உட்கார்ந்தார். கட்டில் பக்கத்தில் ஞானதீபம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"என்ன சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் அதட்டினார். "உண்மையைச் சொல்லுங்க."

"பரோட்டா, டாக்டர்."

"பரோட்டாவா! எந்த முட்டாள் சொன்னான்?"

செல்வதுரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எஸ்றா அவரைப் பார்க்காமல், எதிரே சுவரைப் பார்த்துச் சொன்னார்: "யாரும் சொல்லல. நானாத்தான் தின்னேன்."

ஞானதீபமும் டாக்டரும் வெளியே போன பிறகு எஸ்றா செல்வதுரையைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏலே, எனக்கு மட்டும் ஏன் ஒத்துக்கல? ஒருவேளை சால்னாவைக் கொஞ்சமா ஊத்திட்டனோ?"

செல்வதுரை அவருக்குத் தலையணையைச் சரிசெய்து வைத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். காட்டிக்கொடுத்திருந்தாலும் தாங்கியிருப்பார்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வீட்டுக்கு வந்தார். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. ஜெயசெல்வி முன்னறையில் உட்கார்ந்து பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். செல்வதுரை எதிரே நாற்காலியில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தார்.

"செல்வி, நான் ஒரு அயோக்கியன்."

அவள் சிவப்பு மையை மூடி வைத்தாள். "என்ன அத்தான் ஆச்சு?"

"அஞ்சு மாசமா நீ கட்டிக்குடுத்த சாப்பாட்டை நான் தொடல. முதல்ல ஆட்டுக்குப் போட்டேன். அப்புறம் காசிலிங்கத்துக்குக் குடுத்தேன்."

"ம்."

"உப்புக் கிட்டங்கிப் பக்கம் ஒரு கடை இருக்கு. அங்கன போயித் தெனமும் பரோட்டா தின்னேன். டாக்டர் முன்னால நீ அழுத அன்னைக்குக் கூட எனக்குப் புத்தி வரல. மறுநாள் ஒரு நாள் நிப்பாட்டினேன். அதுக்கு அடுத்த நாள் போயிட்டேன்."

"ம்."

அவள் கத்துவாள், அழுவாள், அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்பாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். அவள் நோட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாள். உதட்டின் ஓரத்தில் ஏதோ ஒன்றை அடக்கிக்கொண்டிருப்பது போலிருந்தது. துக்கமாக இருக்கும் என்று அவர் நினைத்தார்.

"அது எப்படியோ எனக்கு ஒத்துக்கிட்டு. பரோட்டாதான் மருந்துன்னு நெனச்சிட்டேன். எஸ்றா வந்து கெஞ்சினான். அவன்கிட்டயும் பரோட்டா சாப்பிடுன்னு சொல்லிட்டேன். அதான் அவன் விழுந்துட்டான். என்னைக் காட்டிக்குடுக்கல, செல்வி. நான்தான் அவனைச் சாகக் கிடத்தினேன்."

ஜெயசெல்வியின் முகம் அப்போதுதான் மாறியது. நோட்டுகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"எஸ்றா அண்ணனுக்கா சொன்னிய? எந்தக் கடையில சாப்பிடச் சொன்னிய?"

"அவன் வீட்டுப் பக்கத்துக் கடையில."

"அய்யோ அத்தான்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "கெடுத்தியளே! சொல்லுததுதான் சொன்னிய, உங்க கடையைச் சொல்லியிருக்கக்கூடாதா?"

செல்வதுரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. புருஷன் ஐந்து மாதம் ஏமாற்றியதற்கு "ம்". எஸ்றா கடை மாறிச் சாப்பிட்டதற்கு இந்த அலறலா?

"நாளையிலிருந்து எஸ்றா அண்ணனுக்கு மத்தியானச் சாப்பாடு என் பொறுப்பு" என்றாள் அவள். "ஞானதீபம் மதினிகிட்ட நான் பேசிக்கிடுதேன். ஆஸ்பத்திரியை விட்டு வந்ததும் நீங்களே அவரைக் கையைப் பிடிச்சு நடத்திக் கூட்டிக்கிட்டுப் போகணும்."

"எங்க?"

அவள் பதில் சொல்வதற்குள் வாசல் கேட் கிறீச்சிட்டது. தலையில் சும்மாடும் கையில் காலி டின்னுமாக ஒரு பொம்பளை உள்ளே வந்தாள். செல்வதுரை பார்த்தார். நல்லக்கண்ணு பொண்டாட்டி சண்முகத்தாய். அவருக்குச் சப்த நாடியும் ஒடுங்கிவிட்டது. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்ட பிறகும், சாட்சியை நேரில் பார்ப்பது வேறு விஷயம். எழுந்து அடுப்படிக்குள் ஒளியலாமா என்று பார்ப்பதற்குள் அவள் முன்னறைக்கே வந்துவிட்டாள்.

சண்முகத்தாய் தரையில் உட்கார்ந்திருந்த அவரைக் கவனிக்கவேயில்லை. நேரே ஜெயசெல்வியின் முன்னால் டின்னை வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"டீச்சரம்மா, சார் பரோட்டாவுக்கு நீங்க அரைச்சுக் குடுத்த மாவு நேத்தோட தீந்துட்டு, இந்த மட்டம் கேப்பையை இன்னும் ஒரு படி கூடவே போட்டு அரைங்க, இந்த நாலு மாசமா அவுகளுக்குத் தெரியவா செஞ்சுது!"